பாறைக்குழி குப்பைக்கா, பயிருக்கா?

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஜல்லிக்காகக் கல் வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட குவாரிகளைப் பாறைக்குழி என்பார்கள். மழைக்காலத்தில் நீர் நிற்கும். விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்தி வந்தால்தான் அவை நம் நினைவுக்கு வரும்.

திருப்பூரில் மாநகராட்சிக் குப்பை பல ஆண்டுகளாக இந்தக் குழிகளில்தான் கொட்டப்பட்டு வந்தது. நிலத்தடி நீர் கெடுகிறது என்று சுற்றுவட்டார மக்கள் போராடினார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. பாறை வெடிப்புகள் வழியே கசியும் குப்பைநீர் கிணறுகளை எட்டினால் திரும்ப எடுக்க வழியில்லை.

இதே குழிகளை உணவு தரும் இடங்களாக மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு.

முதலாவது, நீர். 2017, 2019 வறட்சிகளில் சிக்கராயபுரம் கல்குவாரி நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டும் கொங்கு விவசாயிக்கு, தேங்கிய மழைநீர் சிறிய உதவியல்ல.

இரண்டாவது, மீன். ஜார்க்கண்டின் ராம்கர் மாவட்டத்தில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கக் குழியில் மிதவைக் கூண்டுகள் அமைத்து மீன் வளர்க்கிறார்கள்.

மூன்றாவது, மண். இதுதான் கடினம். கென்யாவின் மொம்பாசாவில் சிமெண்ட் ஆலை தோண்டிய சுண்ணாம்புக்கல் குவாரியில் 1971-ல் ரெனே ஹாலர் மரம் வளர்க்கத் தொடங்கினார். சவுக்கு தாக்குப்பிடித்தது. உதிர்ந்த இலைகளை மரவட்டைகள் தின்று மட்காக்கின. வெறும் பாறை மெல்ல மண்ணானது. மீன் பண்ணையும் வந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

எனவே உடனடிப் பலன் நீரும் மீனும்தான். காய்கறியும் தீவனப்புல்லும் குழியின் கரையில், அந்த நீரைக் கொண்டு விளையலாம்.

2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். வெட்டும்போதே மேல்மண்ணைத் தனியே சேமிப்பதும், முடிந்தபின் வேலி போடுவதும் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. குத்தகை முடிந்த புறம்போக்குக் குவாரிகளில் அரசு நீரைப் பரிசோதித்து, தகுதியானவற்றை உள்ளூர் மகளிர் குழுக்களுக்கு மீன் வளர்க்கக் கொடுக்கலாம். புதிய குவாரி திறக்க இதைச் சாக்காக்கக் கூடாது.

குப்பை விழுந்துவிட்ட குழியில் இவை எதுவும் நடக்காது. இன்னும் குப்பை விழாத குழிகளை முதலில் கணக்கெடுத்துக் காப்பதே அவசரம்.