நூறு நாள் கணக்கு

தேனி பக்கம் நூறு நாள் என்றால் வேலைத் திட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவருக்கு நூறு நாள் என்றால் அர்த்தமே வேறு.

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று 1983ல் மும்பை டாடா மெமோரியலில் நடந்தது. 1986ல் வேலூர் சி.எம்.சி.யும் ஆரம்பித்தது. இன்று "மாற்று சிகிச்சை வெற்றி" என்று பேப்பரில் போட்டோவோடு செய்தி வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் வருவதில்லை.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சின்ன வயதிலேயே குடியேறி, சத்தமில்லாமல் தூங்கும். காவலுக்கு டி செல்கள் இருக்கிறவரை பிரச்னை இல்லை. மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோ பழைய மஜ்ஜையோடு அந்தக் காவலையும் அழித்துவிடும். புதுக் காவல் தேற மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் வைரஸ் விழித்துக்கொள்கிறது. நுரையீரலில் இறங்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம். புதிய செல்கள் உடம்பையே தாக்கி, அதற்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வாராவாரம் ரத்தத்தில் பி.சி.ஆர். பார்த்தால் காய்ச்சல் வருமுன்பே பிடித்துவிடலாம். கான்சிக்ளோவிர் கொடுக்கலாம் (அது ரத்த அணுக்களைக் குறைக்கும், அது தனித் தலைவலி). 2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர் வைரஸ் எழும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும், விலைதான் எட்டாது.

மெஷின் வாங்குகிற செலவு வேறு, ஓட்டுகிற செலவு வேறு. காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் இது தெரியும். காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும். வேலூர் ரூம் வாடகையையும், கூட இருப்பவர் இழக்கும் ஏலத்தோட்டக் கூலியையும் யார் பார்ப்பது? 2023ல் வந்த போடி - சென்னை ரயில் காட்பாடி வழியாகத்தான் போகிறது, ஆனால் வாரம் மூன்று நாள்தான். எதிர்ப்பு சக்தியே இல்லாதவரை அந்தக் கூட்டத்தில் ஏற்றுவதா?

முதல் சில வாரம் வேலூரிலேயே இருந்தாக வேண்டும், மறுப்பில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு டியூப் ரத்தத்துக்காக கம்பத்திலிருந்து மறுபடி ராத்திரி பஸ் ஏறுவதுதான் அநியாயம். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கொரோனா டெஸ்ட் எடுத்த முதல் சில லேப்களில் க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. சி.எம்.வி.க்கும் பி.சி.ஆர்.தான், கிட் மட்டும் வேறு. ரிசல்ட்டை வேலூர் டாக்டருக்குப் போனில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?