ஆட்டத்துக்கு நடுவில் விதியை மாற்றலாமா?



மதியம் சாப்பிட்ட பிறகு வராண்டா ஓரத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்குமே, அது நாங்கதான். "அப்படி என்னதான் பண்றீங்க?" என்று எல்லா டீச்சரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. நாங்க ஆடுவது நிலா ஆட்டம். அந்த ஆட்டத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பிலிருந்து எனக்கு ஒரு கருத்து தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் நம்ம விழுப்புரத்துக்காரர். அந்தப் பெருமையில் தோன்றியதுதான் எங்கள் ஆட்டம். பழைய கேலண்டர் தாளின் பின்பக்கம் நிலாவின் வரைபடம் போட்டோம். நிலா எப்படி இருக்கும் என்று யோசிக்கச் செஞ்சிப் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. தலையைத் தூக்கினால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு பக்கமும் பாறைதான். ஒரு மலைக்குப் பேரிலேயே சந்திரன் இருக்கு! ராஜகிரி உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பிளவும் அதன்மேல் ஒரு பாலமும் இருக்கே, அதையும் அப்படியே தூக்கி நிலாவில் வைத்துவிட்டோம்.

ஒருத்தி கேப்டன், ஒருத்தி டாக்டர், ஒருத்தி மெக்கானிக், ஒருத்தி வழிகாட்டி. இன்னொருத்தி கதைசொல்லி. "பாலம் ஆடுது, என்ன செய்யப்போறீங்க?" என்று கதைசொல்லி கேட்பாள். "கயிறு கட்டிக்கிட்டு நடப்பேன்" என்று ஒருத்தி சொல்வாள். நடந்தாளா விழுந்தாளா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம்.

புதுச்சேரியில் காலேஜ் படிக்கும் எங்க பெரியப்பா பொண்ணு இதைப் பார்த்துச் சிரித்தாங்க. இப்படி வேஷம் எடுத்துக்கொண்டு கதையாக ஆடுகிற மேசை ஆட்டம் அமெரிக்காவில் 1974-லேயே வந்துவிட்டதாம். அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1977-இல் டிராவலர் என்று விண்வெளிக்கே ஒரு ஆட்டம் வந்ததாம். அதன் முதல் விதிப்படி, ஆட்டத்துக்கு நம்ம ஆளைத் தயார் பண்ணும்போதே பகடை சரியாக விழாவிட்டால் அந்த ஆள் செத்துப்போகலாமாம்! ஆட்டமே இன்னும் தொடங்கியிருக்காது. பிறகு வந்த பதிப்புகளில் அதைத் தளர்த்திவிட்டார்களாம். அச்சடித்த விதியிலேயே இவ்வளவு சிக்கல் இருந்தால், கேலண்டர் தாளில் எழுதிய எங்கள் விதியைக் கேட்கணுமா?

எங்களுக்கு வந்த சிக்கல் இரண்டு வகை.

முதல் சிக்கல், எல்லோருக்கும் கேப்டனாகத்தான் ஆகணும். டாக்டர் வேஷம் கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு பாடம் இருக்கிறதே, அது இங்கே உதவியது. ஒரு தாயக்கட்டையில் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் முகம். இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ அதில் 2 வழிதான். மூன்று விழ 4 வழி. இரண்டும் வெறும் முகமாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு ஒரே வழி.

நாலோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி என்பது எங்கள் விதி. அதற்கு 16-இல் 7 வழி இருக்கிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சரிதான். ஆனால் கேப்டன் எந்த வேலை செய்தாலும் இரண்டு கூட்டிக்கொள்ளலாம் என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். அப்படியென்றால் கேப்டனுக்கு இரண்டு விழுந்தாலே போதும். அதற்கு 16-இல் 14 வழி! டாக்டரும் இரண்டு கூட்டலாம்தான், ஆனால் யாருக்காவது அடிபட்டால் மட்டும். கேப்டன் தோற்கவே மாட்டாள் என்றால் யாருக்கு அடிபடும்? டாக்டர் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

இதை எங்க ஆயாவிடம் சொன்னேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸ் வாங்கித் திண்ணையில் ஆடு புலி ஆட்டக் கட்டம் போட்டாங்க. ஆடு 15, புலி 3. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது, சுற்றி நின்று புலியை அடைக்கத்தான் முடியும். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா?" என்று கேட்டாங்க. இல்லை. "அப்ப ஏமாத்து ஆட்டமா?" இல்லை. நல்லா ஆடினால் எந்தப் பக்கமும் ஜெயிக்கும்.

அன்றைக்கு அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்தேன். காய் வைக்கும் புள்ளிகள் 23. ஆடும் புலியும் சேர்த்து 18. மீதி காலி இடம் 5தான். ஒரு ஆடு வெட்டுப்பட்டால் காலி இடம் ஒன்று கூடும், புலியை அடைப்பது அவ்வளவு கஷ்டமாகும். அதனால்தான் ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டையும் காப்பாற்றத் தவிக்கிறார். நாங்க 12 ஆடு வைத்தும் ஆடிப் பார்த்தோம். புலியை அடைக்கவே முடியவில்லை. நம்ம முன்னோர்கள் 15 என்று சும்மா வைக்கவில்லை!

நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து பாக் சால் என்று இதே மாதிரி ஆடுகிறார்கள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று கண்டுபிடித்தார்கள். உருவம் வேறு, பலம் வேறு, எண்ணிக்கை வேறு. ஆனாலும் சமன்! எல்லோருக்கும் ஒரே பலம் கொடுப்பது சமநிலை இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் "சரி, ஆடறேன்" என்று சந்தோஷமாக உட்கார முடியணும். அதுதான் சமநிலை.

அதனால் எங்கள் விதியை மாற்றினோம். இப்போது அவரவர் வேலைக்கு மட்டும் ஒன்று கூட்டலாம். அப்போது வெற்றிக்கு 16-இல் 11 வழி. மற்ற வேலைக்குப் பழைய 7 வழிதான். கேப்டனுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை "இன்னொரு முறை உருட்டு" என்று யாருக்காவது சொல்லும் உரிமை. இப்போது மெக்கானிக் வேஷத்துக்கும் சண்டை வருகிறது!

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அதில்தான் என் தப்பு இருக்கிறது.

"ஆக்சிஜன் தீர்ந்தால் வெளியேற வேண்டும்" என்று ஒரு விதி எழுதியிருந்தோம். எழுதும்போது நல்லாத்தான் இருந்தது. ஒருநாள் நான் கதைசொல்லி. ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி மெக்கானிக். அவளுக்கு ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. "பள்ளத்தை விட்டு வெளியேறி விண்கலத்துக்குப் போறேன் அக்கா" என்றாள். "இல்ல, ஆட்டத்தை விட்டு வெளியேறணும்" என்றேன். "டாக்டர் அக்கா சிலிண்டர்ல குழாய் போட்டுக்கட்டுமா? கூடாதுன்னு விதியில இல்லையே?" என்று கேட்டாள். "விதியில இருக்குன்னும் இல்லையே" என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டேன். அவள் மறுபேச்சு பேசாமல் நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் கேப்டனுக்கும் ஆக்சிஜன் தீர்ந்தது. கேப்டன் என் உயிர்த்தோழி. அவளும் குழாய் கேட்டாள். நான் "சரி, போட்டுக்கோ" என்றேன்.

அந்தத் தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மணி அடித்ததும் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தண்ணீர்க் குழாய்கிட்டப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விதியில் ஓட்டை இருந்தது உண்மைதான். ஓட்டை இல்லாத விதி உலகத்திலேயே கிடையாது. கிரிக்கெட்டைப் பாருங்க. 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் நடந்த ஆட்டத்தில், கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்குச் சமன் செய்ய 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல், தன் தம்பி டிரெவர் சாப்பலிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதியில் அது தப்பில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தப்பு என்று தெரிந்தது. பிறகு அந்தப் பந்துவீச்சையே தடை செய்தார்கள்.

2019 ஜூலை 14 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலும் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் சமன். சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரி 26 அடித்த இங்கிலாந்துக்குக் கோப்பை, 17 அடித்த நியூசிலாந்துக்கு இல்லை. எத்தனையோ பேர் இது அநியாயம் என்றார்கள். ஆனால் அந்த விதி ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதனால் முடிவை மாற்றவில்லை. அதே வருஷம் அக்டோபரில் விதியைத்தான் மாற்றினார்கள்.

இந்த இரண்டு ஆட்டத்திலும் ஒன்று கவனியுங்கள். விதி மோசமாக இருந்தது, ஆனால் ஆட்டம் நடக்கும்போது அதை ஒரு பக்கத்துக்கு ஒரு மாதிரியும் இன்னொரு பக்கத்துக்கு வேறு மாதிரியும் யாரும் படிக்கவில்லை. நான் அதைத்தான் செய்தேன். ஒரே விதியைத் தங்கச்சிக்கு ஒரு மாதிரியும் தோழிக்கு ஒரு மாதிரியும் படித்தேன். மோசமான விதியை நாளைக்குத் திருத்தலாம். ஆள் பார்த்துப் படித்தால் எவ்வளவு நல்ல விதி எழுதினாலும் பயனில்லை.

"விளையாட்டுதானே, இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா?" என்று சிலர் கேட்கலாம். விளையாட்டு என்பதால்தான் யோசிக்கணும் என்பது என் கருத்து. நம்ம கோட்டையில் 1690 முதல் 1698 வரை ராஜாராமின் மராத்தியர்களை முகலாயப் படை முற்றுகை போட்டது. சண்டையில் யாரும் எதிரியிடம் "உனக்கு இது சம்மதமா?" என்று கேட்பதில்லை. பலம் உள்ளவன் நினைத்ததுதான் விதி. ஆட்டம் அப்படி இல்லை. சம்மதித்துத்தான் வந்து உட்காருகிறோம். நியாயம் இல்லை என்று தோன்றினால் எழுந்து போய்விடுகிறோம், அந்தத் தங்கச்சி போன மாதிரி.

இன்னும் சிலர், "கதைசொல்லிக்கு அதிகாரம் இல்லன்னா ஆட்டமே நகராது" என்பார்கள். இதை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம் செய்தால் மதிய இடைவேளை முடிந்துவிடும். அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்:

1. விதியை ஆடுவதற்கு முன்னால் எழுதணும். எல்லோரும் படித்துச் சரி சொல்லணும். எங்க ஆயா வெளியூர்க்காரங்களோடு ஆடினால் "எத்தனை ஆடு வெட்டினா உங்க ஊர்ல புலிக்கு ஜெயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் காய் வைப்பாங்க. அது ஊருக்கு ஊர் மாறும்.

2. விதியில் இல்லாதது நடுவில் வந்தால் கதைசொல்லி உடனே ஒரு முடிவு சொல்லலாம். ஆனால் அந்த முடிவு அன்றைக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

3. விதி தப்பு என்று தெரிந்தால் ஆட்டம் முடிந்த பிறகு திருத்தணும். அடுத்த ஆட்டத்திலிருந்துதான் அது செல்லும்.

4. சின்னப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லணும். அவர்கள்தான் விதியை உள்ளபடி படிக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் போட்டிகளின் விதிகளை ஒரு வாரம் முன்பே இந்தச் சுவரில் ஒட்டிவிட்டால் நன்றாக இருக்கும். கோகோ, கபடி, கோலம் எல்லாவற்றுக்கும்தான்.

கடைசியாக ஒன்று. போன வாரம் அந்தத் தங்கச்சியின் வகுப்புக்கே போய், எல்லோர் முன்னாடியும் "நான் செஞ்சது தப்பு" என்று சொன்னேன். அவள் உடனே சிரிக்கவில்லை. "விதி நோட்டைக் குடுங்க அக்கா" என்று கேட்டாள். கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். பென்சிலால் மூன்று இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். மூன்றும் நாங்க யாரும் கவனிக்காத ஓட்டை!

திங்கள்கிழமை மதியம் அதைப் பேசித் திருத்தப் போகிறோம். வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம். எந்த வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. என் கருத்தில் தப்பு இருந்தால் பக்கத்தில் ஒட்டியுள்ள வெள்ளைத்தாளில் எழுதுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி