துப்பாக்கி பிடித்த பையனும் டீசலுக்குப் பணம் கொடுத்தவனும்

ராஜபாளையத்துக்காரர்கள் கடல் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். கடற்கொள்ளை நமக்கு சினிமாவில் பார்த்ததுதான். போன வாரம் டிவியில் 'கேப்டன் பிலிப்ஸ்' ஓடியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் பாதிப் படத்தில் கேட்டான்: "தாத்தா, இந்தத் தலைவனுக்கு நெஜத்துல என்ன வயசு?"

நியூயார்க் நீதிமன்றமே மல்லுக்கட்டிய கேள்வி அது. 2009 ஏப்ரலில் மேர்ஸ்க் அலபாமா கப்பலில் ஏறிய சோமாலியர் நால்வரில் மூவரை அமெரிக்கக் கடற்படை சுட்டுக் கொன்றது. பேச்சுவார்த்தைக்காகப் போர்க்கப்பலுக்குப் போயிருந்த தலைவன் அப்துவலி மூசே மட்டும் பிழைத்தான். மகனுக்கு 15 வயதுதான் என்றார் தந்தை. 18 தாண்டிவிட்டது என்றது அரசுத் தரப்பு. 1991இல் அரசாங்கமே கலைந்துபோன நாட்டில் பிறப்புச் சான்றிதழ் எங்கே தேடுவது? பெரியவனாகவே வைத்து வழக்கு நடந்தது. 2011இல் 33 ஆண்டு 9 மாதச் சிறைத் தண்டனை. அடுத்த மாதமே வேகா-5 கப்பலில் நம் கடற்படை பிடித்த 61 பேரிலும் சிறுவர்கள் பலர் இருந்ததாகச் செய்தி வந்தது.

அந்நிய டிராலர்கள் சோமாலியக் கடலை வழித்துக்கொண்டு போனதில் தொடங்கிய கோபம், சீக்கிரமே முதலீட்டுத் தொழிலாகிவிட்டது. 2005 முதல் 2012 வரை கைமாறிய பிணைத்தொகை 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை என்று 2013இல் உலக வங்கியும் ஐ.நா.வும் இன்டர்போலும் கணக்கிட்டன. அதில் 30 முதல் 75 சதவீதம் வரை பணம் போட்டவர்களுக்கே. அவர்கள் படகில் ஏறுவதில்லை.

இந்தக் கணக்கு நம் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதுசா என்ன? ஒருகாலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறும். அட்வான்ஸ் வாங்கியது அப்பன். கட்டை அடுக்கியது பிள்ளை. பிள்ளைக்குக் கூலி குறைவு, எதிர்த்துப் பேசாது. சோமாலியக் கரையிலும் காரணம் வேறாக இருக்க முடியாது.

1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்து உச்ச நீதிமன்றம் முதலாளியின் மடியில் கை வைத்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ரூ.20,000 கட்ட வேண்டும். (அதில் எவ்வளவு வசூலானது என்பது தனிக் கதை.) பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது.

தீக்குச்சியும் துப்பாக்கியும் ஒன்றாகிவிடாது. மாதக்கணக்கில் பிணையாகக் கிடந்த மாலுமிகளிடம், பாவம் சின்னப் பையன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் 2022ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். கொள்ளையடித்தால் ஆயுள் தண்டனை, உயிர் போனால் மரண தண்டனை வரை. ஏற்பாடு செய்தவருக்கும் ஏவியவருக்கும் தனிப் பிரிவு; அதில் தண்டனை குறைவு. ஏவியவனை லேசில் விட்டு அம்பை ஒடிக்கிற வேலை இது.

2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா 40 மணி நேரம் போராடி, ரூயன் கப்பலிலிருந்து 35 கொள்ளையரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது. கடற்படைக்குச் சபாஷ். இனிப் பிடிபடுகிறவர்களிடம் முதலில் வயதைச் சோதியுங்கள். அடுத்து, படகுக்கும் டீசலுக்கும் பணம் கொடுத்தவன் பெயரைக் கேளுங்கள்.