ஒரே ஃபைபர், பல கம்பெனி: நெல்லிக்குப்பம் பக்கம் நெட் எப்போ சீராகும்?

மாசா மாசம் வைஃபை பில் கட்டுறீங்களா? அப்போ உங்க தெரு கம்பத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. லோக்கல் கேபிள்காரர் ஒயர், ஒரு பெரிய கம்பெனி ஃபைபர், அதுக்குப் பக்கத்துல இன்னொரு கம்பெனி ஃபைபர்னு கொடி மாதிரி தொங்கும். அப்படியே ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துக்குப் போங்க. அங்கே பல இடத்துல ஒண்ணுகூட இருக்காது.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தனி ஃபைபர் இழுக்குது. வீடு நெருக்கமா இருக்கிற தெருவுல போட்ட காசு சீக்கிரம் திரும்பிடும். நாற்பது வீடு இருக்கிற ஊர்ல திரும்பாது. அதனால அந்தப் பக்கம் யாரும் வர்றதில்லை.

கடலூர் - பண்ருட்டி ரோட்டை நினைச்சுப் பாருங்க. அரசு பஸ்ஸும் ஓடுது, தனியார் பஸ்ஸும் ஓடுது. யாரும் தனக்குன்னு தனி ரோடு போடலை. ஃபைபரையும் அப்படிப் பொதுவா போட்டு, எல்லா கம்பெனிக்கும் ஒரே விதிப்படி மொத்த வாடகைக்கு விட்டா என்ன? இதுக்குப் பேருதான் பகிர்வு ஃபைபர். சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்களைக் கேட்டா சொல்வாங்க. அங்கே வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் நெட்லிங்க்ங்கிற நிறுவனத்தோடது. அதுமேல சேவை விக்கிறது பல கம்பெனிகள். ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் நகர நிர்வாகம் 1994-லயே ஸ்டோகாப்னு ஒரு நிறுவனம் தொடங்கி, ஃபைபரை எல்லாருக்கும் வாடகைக்கு விட ஆரம்பிச்சிடுச்சு.

நம்ம நாட்டுலயும் இந்த யோசனை புதுசு இல்லை. 2011-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய ஃபைபர் திட்டம்தான், 2015-ல பாரத்நெட்னு பேர் மாறுச்சு. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோய், அதை எல்லா கம்பெனிக்கும் பொதுவா திறந்துவிடணும்ங்கிறதுதான் நோக்கம். முதல் கெடு 2013. அது எப்போவோ தாண்டிப்போச்சு.

தமிழ்நாட்டுல இந்த வேலைக்காக 2018-ல டான்ஃபிநெட் நிறுவனம் வந்துச்சு. இலக்கு 12,525 ஊராட்சிகள், ஒவ்வொண்ணுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம். 2020-ல டெண்டர் விதிமுறைகள் மேல புகார் எழுந்து, மத்திய அரசு அதை ரத்துசெய்யச் சொல்லி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. கடலூர் மாவட்டத்துல 683 ஊராட்சிகள் இருக்கு. நெல்லிக்குப்பமோ நகராட்சி. அதாவது, சுத்தியிருக்கிற கிராமங்கள் திட்டத்துக்குள்ள வருது. நடுவுல இருக்கிற டவுன் தனியார் போட்டியை நம்பித்தான் இருக்கு. டவுனோட ஓரத் தெருக்காரங்க ரெண்டுலயும் சேராம மாட்டிக்கிறாங்க.

சரி, ஃபைபர் வந்துட்டா போதுமா? போதாது. உண்மையான விளையாட்டு சாஃப்ட்வேர்ல இருக்கு.

ஒரே ஃபைபர்ல நாலு கம்பெனி சேவை தருதுன்னு வெச்சுக்குங்க. எந்தக் கம்பத்துல எந்த இழை போகுது, எந்த போர்ட் காலியா இருக்கு, எந்த வீடு எந்தக் கம்பெனியோடது, எவ்வளவு வேகம் கொடுக்கணும்னு எல்லாமே ஒரே கணக்குல இருக்கணும். அது சரியா இருந்தா, நீங்க கம்பெனி மாறும்போது புது ஒயர் இழுக்க வேண்டாம். கம்ப்யூட்டர்ல மாத்தினாலே போதும். இல்லைன்னா? நெட் போனதும் போன் பண்ணுவீங்க. "எங்க பக்கம் சரியா இருக்கு சார், லைன்லதான் பிரச்னை"ன்னு சேவை தர்றவர் சொல்வார். லைன்காரர் அப்படியே திருப்பிச் சொல்வார். நடுவுல உங்க ஆன்லைன் இன்டர்வியூ போயிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஃபைபர் வெச்சிருக்கிறவரே வீட்டுக்கும் சேவை வித்தா, தன் கஸ்டமருக்கு முதல்ல வேலை பார்த்துட்டு, மத்தவங்களைக் காக்க வைக்கலாம். பிரிட்டன்ல பி.டி. நிறுவனத்துலருந்து ஓபன்ரீச்சைத் தனி கம்பெனியா பிரிக்க 2017-ல முடிவானதுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். யார் புகார் எப்போ வந்துச்சு, எப்போ சரியாச்சுங்கிற பதிவு வெளிப்படையா இருந்தாத்தான் 'பொது'ங்கிற வார்த்தைக்கு அர்த்தம்.

கடலூர்க்காரங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு: புயல். டான்ஃபிநெட் திட்டத்துல ஃபைபரோட பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாத்தான் போகுது. செலவு குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனா 2011 டிசம்பர்ல தானே புயல் நம்ம மாவட்டத்துல எத்தனை கம்பங்களைச் சாய்ச்சதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. கம்பம் சாஞ்சா கரன்ட்டும் போகும், நெட்டும் போகும். உதவி கேட்கிறதுக்கு நெட் அவசியமா வேணுங்கிறதும் அப்போதான்.

இதுக்கு வழி இருக்கு. 2023-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஃபைபரை ஒரே நேர்கோடா இழுக்காம வளையமா இணைக்கணும்னு சொல்லுது. ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கம் வழியா டேட்டா சுத்தி வரும். அதுக்கான ஒதுக்கீடு சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய். ஆனா வளையத்தோட ரெண்டு பக்கமும் ஒரே ரோட்டுக் கம்பத்துல போனா, ஒரே காத்துல ரெண்டும் போயிடும். பாதை வேற வேறயா இருக்கான்னு பார்க்கிறது முக்கியம்.

உங்க ஊர் ஊராட்சியா? இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அடுத்ததுல மூணு கேள்வி கேளுங்க. நம்ம ஊராட்சியில ஃபைபர் பெட்டி வேலை செய்யுதா? கரன்ட் போனா அதோட பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்த லைனை எடுத்து வீட்டுக்கு இணைப்பு தர உள்ளூர் கேபிள்காரருக்கு வாய்ப்பு இருக்கா? நகராட்சியில இருக்கிறவங்க கவுன்சிலரைப் பிடிங்க.

ரோடு குண்டும் குழியுமா இருந்தா கேட்கிறோம்ல? இதுவும் ரோடுதான். தலைக்கு மேல போறதால கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.