அழுக்கா, தேய்மானமா?



1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், கெர்லிங் வழியாகப் போகும் பழைய ஈப்போ சாலையில் பெரிய லோரிகளின் நெரிசல் குறைந்தது. ஆனால் பழைய பிக்அப் வண்டிகள் அந்தச் சாலையை விட்டு எங்கே போகும்? செம்பனைக் குலை ஏற்றுகிறவருக்கும், காய்கறி விற்கிறவருக்கும், திருவிழாவுக்குப் பந்தல் சாமான் கொண்டு போகிறவருக்கும் அதுதான் பிழைப்பு. வண்டி ஒரு நாள் படுத்தால் அன்றைய சம்பாத்தியமும் படுத்துவிடும்.

அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஓடும்போது நன்றாகத்தான் ஓடுகிறது, சந்தியில் நிறுத்தினால் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று, கிட் மாற்றியாயிற்று, இரண்டு வாரம் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி!"

இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். டட்சன் 1200 பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். 1971இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி. ஜப்பானில் 1994 வரையிலும், தென்னாப்பிரிக்காவில் வேறு பெயரில் 2008 வரையிலும் அதைச் செய்து வந்தார்கள் என்றால் அதன் உழைப்பைப் புரிந்துகொள்ளலாம். உங்களுடையது வேறு வண்டியானாலும் சங்கதி ஏறத்தாழ ஒன்றுதான்.

கார்புரேட்டருக்குள்ளே மாயம் ஒன்றும் இல்லை. இஞ்சின் மூச்சை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் சிறு துவாரம் வழியாக உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. எவ்வளவு கலவை உள்ளே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒரு வட்டத் தட்டு. பட்டறையில் அதைப் பட்டர்ஃபிளை என்பார்கள். அந்தத் தட்டைத் தாங்குவது ஒரு மெல்லிய எஃகுத் தண்டு.

கோளாறு பெரும்பாலும் இந்தத் தண்டில்தான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அது திரும்புகிறது. ஸ்பிரிங் அதை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. தோட்டத்துச் செம்மண் தூசியும் சேர்ந்து அரைக்கிறது. எஃகுத் தண்டு, அதைச் சுற்றி மென்மையான உலோக உடல். முப்பது நாற்பது வருடத்தில் வட்டமான துளை முட்டை வடிவமாகிவிடுகிறது. அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. வண்டி நின்று உறுமும்போது தட்டு ஏறக்குறைய மூடியிருப்பதால் அதற்குக் கீழே உறிஞ்சும் பலம் மிக அதிகம். அதனால்தான் சந்தியில் தொல்லை, சாலையில் சுகம்!

இதற்குக் கிட் என்ன செய்யும்? கிட்டில் இருப்பவை பெரும்பாலும் கேஸ்கட்டும் ஊசி வால்வும் சில வளையங்களும். முட்டையான துளையை வட்டமாக்க அவற்றால் ஆகாது. அழுக்குக்குக் கழுவல் மருந்து. தேய்மானத்துக்குக் கடைசல் பட்டறை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசைக் கரைக்கிறவர்களே அதிகம்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் ஸ்பார்க் பிளக், பாயிண்ட், வேக்குவம் குழாய்கள், காற்று வடிகட்டி இவற்றைச் சோதியுங்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆகிவிடக் கூடாது. பிறகு இஞ்சினை நிறுத்தி, தண்டின் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் சந்தேகம் பாதி தீர்ந்தது. அடுத்து இஞ்சினை ஓடவிட்டு, தண்டு உடலுக்குள் நுழையும் இரு பக்கமும் கெட்டியான கிரீஸைச் சிறிது தடவுங்கள். இஞ்சின் ஓட்டம் உடனே மாறினால் காற்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான இஞ்சின் மேல் பெட்ரோலா? வேண்டவே வேண்டாம், ஐயா!

கழற்றும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்யலாம். ஆனால் வாசலில் சாமி விளக்கு எரியும் நேரத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் விளக்கைத் தேடிப் பிடிக்கும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடுவதும் ஆபத்து. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகாணிகளின் பின்முனை தட்டி நசுக்கப்பட்டிருக்கும். அதை அரத்தால் ராவிய பிறகே திருப்பவேண்டும். அவசரப்பட்டால் திருகாணி தண்டுக்குள்ளேயே முறியும். தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது. எந்தப் பக்கம் மேலே, எது கீழே என்று கழற்றும் முன்பே கீறி அடையாளம் வையுங்கள்.

இனிக் கடைசல்காரரின் வேலை. இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் பெரிதாக்கி, பித்தளை புஷ் அடித்துத் தரச் சொல்லுங்கள். தண்டும் தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிதாகக் கடைந்து தருவார். "ஒரே நேர்கோடு" என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோணினால் தண்டு இறுகும், ஆக்சிலேட்டர் மிதித்த இடத்திலேயே நின்றுவிடும். மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பப் பூட்டும்போது திருகாணிகளைத் தளர்வாக வைத்து, தட்டைச் சில முறை திறந்து மூடி நடுவில் உட்காரவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் ஒளி தெரியக் கூடாது. பிறகு இறுக்கி, பின்முனையை மறுபடி நசுக்குங்கள். கழன்ற திருகாணி நேரே இஞ்சினுக்குள் விழும். ஜெட் துவாரங்களைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துவாரம் பெரிதானால் அப்புறம் பெட்ரோல் குடி தாங்காது.

"இவ்வளவு தொல்லை எதற்கு, மலிவாகப் புதிதே கிடைக்கிறதே?" என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் மலிவுச் சரக்கில் ஜெட் அளவு உங்கள் இஞ்சினுக்குப் பொருந்துமென்று உறுதி சொல்ல முடியாது. வாங்கினாலும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஏனென்றால் கார்புரேட்டரின் காலமே முடிந்துவருகிறது. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் அது இருந்தது. கெர்லிங்குக்கு வடக்கே தஞ்சோங் மாலிமில் 2003இல் புரோட்டோன் தொழிற்சாலை வந்தபோது கணினி பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் முறை வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் மறைமலை நகரில் ஜப்பானிய மிக்கூனியோடு கூட்டுச் சேர்ந்து கார்புரேட்டர் செய்த யூகால் நிறுவனமும் காலத்தோடு மாற வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மோட்டார் சைக்கிள்களும் மாறிவிட்டன. காதால் கேட்டே கலவையைச் சரிசெய்யும் பட்டறைக்காரர்கள் குறைந்துவருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை வண்டியை மட்டும் அனுப்பாமல் உங்கள் பையனையும் கூட அனுப்புங்கள். பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வேலை முடிந்ததும் கலவைத் திருகாணியை மெல்ல உட்காரும்வரை திருகி, ஒன்றரை இரண்டு சுற்று வெளியே எடுத்து, இஞ்சின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். கலும்பாங் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் காப்பி நிறமென்றால் நலம். வெள்ளையாக வெளுத்திருந்தால் இன்னும் எங்கோ காற்று நுழைகிறது. கறுத்திருந்தால் பெட்ரோல் மிகை. ஆனால் கோலகுபுவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறிவிட்டு வந்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நாலாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். நல்ல கார்புரேட்டரும் அங்கே கறுப்பு காட்டும்.

அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்ப்போம்.