இரண்டு சாக்ஸபோன், ஒரே வாய்

ஸ்டுடியோவில் அடங்கியிருந்த கொலோசியம் மேடையில்தான் வாய் திறந்தது. ஆதாரம், 1971 மார்ச்சில் மான்செஸ்டரிலும் பிரைட்டனிலும் நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுத்த இரட்டை இசைத்தட்டு 'கொலோசியம் லைவ்'.

இந்த பிரிட்டிஷ் ஜாஸ்-ராக் குழுவின் தலைவர் டிரம்ஸ் வாசித்த ஜான் ஹைஸ்மன். தாளம் போடுவதோடு அவர் நிற்பதில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் குறுக்கே புகுந்து பேசுகிறார். டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே சமயத்தில் ஊதக்கூடியவர். சர்க்கஸ் வேலை என்று ஒதுக்க முடியாது. தனி ஆளாக ஒரு வாத்தியக் கோஷ்டியின் கனத்தைக் கொண்டுவந்துவிடுவார். இருவரும் முன்பு கிரஹாம் பாண்டின் குழுவில் இருந்தவர்கள். அவர் எழுதிய 'வாக்கிங் இன் த பார்க்' இங்கே துள்ளுகிறது.

'லாஸ்ட் ஏஞ்சலஸ்' 15 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. கிறிஸ் ஃபார்லோ தொண்டை கிழியப் பாடுவது சில இடங்களில் அதிகப்படிதான். ஆனால் கிளெம் கிளெம்ப்சனின் கிடார் மெல்ல மெல்ல ஏறி உச்சத்தைத் தொடும்போது அந்தக் குறை மறந்துபோகிறது. டேவ் கிரீன்ஸ்லேடின் ஆர்கனும் மார்க் கிளார்க்கின் பேஸும் அடியில் தாங்கிப் பிடிக்கின்றன.

ரசிகர்கள் விடாமல் கேட்டு வாங்கிய பாட்டு 'ஸ்டார்மி மண்டே ப்ளூஸ்'. அதில் களைப்பின் சுவடே இல்லை. ஆனால் அதே 1971 முடிவதற்குள் குழு கலைந்தது. 1994-ல் அதே ஆறு பேர் மறுபடி கூடியதும் ஜெர்மனியில், மேடையில்தான். அங்கும் 'ஸ்டார்மி மண்டே' உண்டு.