மைனஸில் போன பென்ஷன்

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் பேரன் போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரை முழுக்க ஒரே நீலம். "தாத்தா, உங்க பென்ஷனைக் கணக்குப் போடறேன், பாருங்க" என்றான். அடிப்படை 30,000, அகவிலை நிவாரணம் 15,000. கூட்டி வந்த விடை மைனஸ் 20,536! முப்பத்தைந்து வருஷம் சிக்னலோடு மல்லுக்கட்டிய நான்தான் ரயில்வேக்குப் பாக்கி போலிருக்கிறது என்று வீடே சிரித்தது. "ஏன்டா இப்படி வருது?" என்று கேட்டேன். "தெரியாது தாத்தா. இன்ட்டை எடுத்துட்டு லாங் போட்டா சரியா வரும்னு சார் சொன்னார்."

அந்த பதில் என்னை விடவில்லை. நானோ டிப்ளமாக்காரன், கம்ப்யூட்டர் என் பாடமில்லை. அப்பா பல்வந்த் சௌக்கில் ஒரு சி புத்தகம் வாங்கிவந்து அவனோடு உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். அந்த நீலத்திரை போர்லண்ட் கம்பெனியின் டர்போ சி. 1987-ல் டாஸ் காலத்துக்காக வந்தது. அதில் இன்ட் என்றால் 16 பிட். 32,767-க்கு மேல் இடமில்லை. 45,000-ஐத் திணித்தால் அதிலிருந்து 65,536 கழிந்து மைனஸில் போய் நிற்கும். இன்றைய 64 பிட் விண்டோஸில் இந்த டர்போ சி நேரடியாக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளால் பழைய இயந்திரம் மாதிரி வேஷம் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். 1991-ல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்த சி-டாக் இருக்கிற புனேயில் இது நடக்கிறது!

16 பிட்தானே என்று அலட்சியமாக விடக்கூடாது. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், 16 பிட்டில் அடங்காத ஓர் எண்ணை அதில் அடைக்கப் போய், கிளம்பிய நாற்பது வினாடிக்குள் சிதறியது. அந்த நிரல் சி மொழிகூட இல்லை, அடா. மொழி எதுவானாலும் இயந்திரத்தில் உள்ள இடம் அவ்வளவுதான்.

பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஜி.சி.சி. கம்பைலரைப் போட்டோம். பென்ஷன் 45,000 என்று ஒழுங்காக வந்தது. இதில் இன்ட்டுக்கு 32 பிட். 214 கோடி சொச்சம் வரை தாங்கும். (நம் ரயில் டிக்கெட்டின் பத்து இலக்க பி.என்.ஆர். பல சமயம் இதிலும் அடங்காது. பேரனுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.) கம்பைல் செய்யும்போது மைனஸ் எஸ் என்று சேர்த்தால், நாம் எழுதிய சி எப்படி அசெம்பிளியாக மாறியது என்று கோப்பாகவே தருகிறது. ஒரு வரிக் கூட்டல், எண்ணை எடு, கூட்டு, திரும்ப வை என்று மூன்று நான்கு வரியாகப் பிரிந்து கிடந்தது. 1 முதல் 100 வரை கூட்டும் சுற்று ஒன்றை எழுதி, மைனஸ் ஓ2 என்றும் சேர்த்துப் பார்த்தோம். சுற்றையே காணோம்! வெறும் 5050 என்ற எண் உட்கார்ந்திருந்தது. கம்பைலர் தானே கணக்கை முடித்துவிட்டது. பேரன் வாயைப் பிளந்தான். நானும்தான்.

பேனல் கேபினில் பொத்தானை அமுக்குவது யாருக்கும் வரும். அமுக்கியதும் எந்த ரிலே எழுகிறது, எது விழுகிறது என்று வரைபடத்தில் பார்க்கத் தெரியாதவன் நடுராத்திரியில் சிக்னல் கோளாறைக் கண்டுபிடிக்க மாட்டான். நிரல் எழுதுகிறவனுக்கு அசெம்பிளிதான் அந்த வரைபடம். அதிலேயே எழுத வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும்.

ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் நண்பர் மகன், "இப்பல்லாம் பைத்தான்தான் அங்கிள், மிச்சத்தை ஏ.ஐ. எழுதிடும்" என்கிறான். பரவலாகப் புழங்கும் பைத்தானே சி-யில் எழுதப்பட்டதுதான். ஏ.ஐ. எழுதித் தந்தாலும் மைனஸ் 20,536 வந்தால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

டர்போ சி-க்குக் கல்லூரிகள் விடைகொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை பரீட்சைக்கு நீலத்திரை, வீட்டில் ஜி.சி.சி. என்று இரட்டை வண்டிதான் ஓட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்துத் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார நான் தயார். பிள்ளைகள் லேப்டாப்போடு வரட்டும்.